பிடரியில் ஒரு நீல நூல்

தங்கபுஷ்பத்தின் மேல் காற்று படாமல் போன அந்த ஆனி மாதத்தில், மேலக்கணவாய்க்காரர்கள் முதல் வேலையாக அவளைச் சுற்றி உட்கார்ந்து பீடி சுற்ற ஆரம்பித்தார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேற்கு மலை தெற்கே இறங்கி இறங்கி வந்து, ஓரிடத்தில் களைத்துப்போய் வாயைப் பிளந்து, அந்தப் பிளவு வழியாக மலையாளக் கரையின் காற்று முழுவதையும் ஒரே மூச்சில் இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறதே, அந்த வாய்க்கு நேர் எதிரில்தான் அவர்கள் ஊர் இருந்தது. வைகாசி பிறந்தால் புரட்டாசி முடியும்வரை சுளகில் போட்ட புகையிலைத் தூள் சுளகில் நிற்காது, கொடியில் போட்ட சேலை கொடியில் நிற்காது, வேப்பமரங்கள் எல்லாம் கிழக்கே பார்த்துக் குனிந்து நிற்கும், கோழிகள் சாய்ந்தபடி நடக்கும். நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் ஒருவர் காரணமில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், மேலக்கணவாயா என்று கேட்பார்கள், ஆமாம் என்பார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணைச் சுற்றிக் கைவீச்சு தூரத்துக்கு ஒரு தும்பு கூட அசையவில்லை என்றால் பீடி சுற்றுகிறவர்கள் வேறு எங்கே போய் உட்காருவார்கள்.

காற்றை நிறுத்தியவன் அவளுடைய தம்பி சுயம்பு. அவன் அதை வேண்டுமென்று செய்யவில்லை.

சுயம்பு அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன். இயந்திரப் பொறியியல் படித்தான், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான், ஆனால் நேர்காணலுக்குப் போன இடங்களில் எல்லாம் தெரிந்த கேள்விக்கும் பதில் வாயில் வராமல் எழுந்து வந்தான். பிறகு கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தான். நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ கனத்த மோட்டார் சைக்கிள்களில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு நிலம் முடியும் இடத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள்; கழுத்து பிடித்துக்கொண்டது, இடுப்பு விட்டுப்போனது, கை மரத்துவிட்டது என்று கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்துவார்கள். சீட்டைப் பிரித்துப் புதுப் பஞ்சு வைப்பது, ஹேண்டில்பாரைக் கட்டை கொடுத்து உயர்த்துவது, காற்றுத் தடுப்புக் கண்ணாடி பொருத்துவது என்று அவனுக்கு வேலை இருந்தது. ஒரு போல்டை முறுக்குவான், சந்தேகம் வந்து அவிழ்ப்பான், மறுபடியும் முறுக்குவான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவான், அதனால் சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதும் உண்டு.

தங்கபுஷ்பம் அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பா இறந்தபிறகு அவருடைய கருப்பட்டி வியாபாரத்தை அவள்தான் எடுத்து நடத்தினாள். அதற்கு லாரி பார்சல் போதும். ஆனால் யாரோ ஒரு வடக்கத்தியான் குமரிமுனையைப் பார்த்துவிட்டு, இனிமேல் ரயிலில்தான் திரும்புவேன் என்று விற்றுவிட்டுப் போன ஒரு பெரிய வண்டியை அவள் வாங்கினாள். அதன் இரண்டு பக்கப் பெட்டிகளிலும் கருப்பட்டியை அடுக்கிக்கொண்டு ஐதராபாத், நாக்பூர் என்று கடை கடையாகப் போய்க் கொடுத்துவிட்டு, போனதைவிடக் கறுத்தும் போனதைவிடச் சிரித்த முகத்தோடும் திரும்பி வந்தாள். கருப்பட்டி சும்மா பேருக்கு, அவள் காற்று வாங்கத்தான் போகிறாள் என்று ஊருக்கே தெரியும். அவளுக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றிப் பேசப் பேசச் சலித்துப்போய், கடைசியில் வண்டிக்கே வாக்கப்பட்டுவிட்டாள் என்று முடிவுகட்டி, பீடி சுற்றும் பேச்சித்தாய் அவளைப் பார்க்கும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு எண்ணெய் ஊத்தியாச்சா என்று விசாரிப்பாள். ஊத்தியாச்சு மைனி, இன்னும் பசிக்குங்காரு, என்பாள் புஷ்பம்.

பல வருடக் காற்று அவள் பிடரியில் வந்து தங்கிவிட்டது. தலைக்கவசத்தின் அடியில் புகுந்து புகுந்து கழுத்தை ஆட்டி, காதுக்குள் ஒரு இரைச்சலை விட்டுவிட்டுப் போனது. நாகர்கோவில் டாக்டர் வண்டியை விற்றுவிடச் சொன்னார். அவள் அங்கிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பித் தம்பியிடம் சொன்னாள்.

“லேய் சுயம்பு, என் கழுத்துல காத்துப் படாம ஒண்ணு செஞ்சு குடு. இந்தத் தடவ பனிமலைய பாத்துட்டுதான் வருவேன்.”

யாருடைய வண்டிக்கும் செய்யாத அளவுக்குப் பார்த்துப் பார்த்து அவன் அந்த வண்டிக்குச் செய்தான். அக்காவை உட்காரவைத்து எங்கே அழுத்துகிறது என்று கேட்டுக் கேட்டுச் சீட்டின் பஞ்சை வெட்டினான், இடுப்பு நிமிரும்வரை ஹேண்டில்பாரை உயர்த்தினான், முழங்கால் மடங்கி வலிக்காதபடி மிதிகட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கினான். புஷ்பம் ஏறி உட்கார்ந்து, இடுப்பு வாயை மூடிட்டுலே என்றாள். பிறகு கண்ணாடி போலத் தெளிந்த தடித்த பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, வளைத்து, ஆறவைத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, தடுப்பை அவளுடைய மூக்கு உயரத்துக்கு நிறுத்தினான். அவள் அதற்கு மேலாகப் பார்த்து ஓட்ட வேண்டும், காற்று அவள் தலைக்கு மேலாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சோதித்துப் பார்ப்பதற்கு வண்டியை ஓட்டக்கூடத் தேவையில்லை. ஆனி மாதத்தில் கணவாய்க்கு நேராக வண்டியை நிறுத்தி உட்கார்ந்தாலே நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு போகிற காற்று வந்து மோதும். அவன் அக்காவின் தலைக்கவசத்திலும் தோளிலும் கையிலும் மார்பிலும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டினான், காற்றுப் படும் இடத்தில் நூல் ஆடும், படாத இடத்தில் தொங்கும். தடுப்பைச் சற்றுச் சாய்த்ததும் மார்பு நூல்கள் விழுந்தன. ஓரங்களில் சிறு இறக்கை வைத்ததும் கை நூல்கள் விழுந்தன. கடைசியில் பிடரியில் ஒட்டிய ஒரு நீல நூல் மட்டும் விழாமல் துடித்துக்கொண்டே இருந்தது.

அது ஏன் துடிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஹெட்லைட்டுக்கும் தடுப்புக்கும் நடுவில் கைநுழையும் அளவு ஒரு சந்து இருந்தது, அதன் வழியாக வந்த காற்று சுற்றிப்போய்ப் பின்னங்கழுத்தைத் தொட்டது. அந்தச் சந்தை விட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். முன்னால் முழுக்க அடைத்துவிட்டால் பின்னால் உருவாகிற வெற்றிடம் ஓட்டுகிறவரைப் பிடித்து உலுக்கும், ஆகவே கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுத்தான் மீதிக் காற்றைத் தடுக்க முடியும். படித்திருந்தான், மற்றவர்கள் வண்டிகளில் எல்லாம் ஒழுங்காக விட்டுமிருந்தான். ஆனால் வண்டியில் உட்கார்ந்திருந்தது அவனுடைய அக்கா, அவன் பிறந்ததோ மேலக்கணவாயில். அந்த ஊரில் ஆனி பிறந்தால் வீட்டுக்கு வீடு மேற்குப் பக்கத்து ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, ஓட்டு இடுக்கு எல்லாவற்றிலும் பழஞ்சேலைக் கிழிசலைத் திரித்துத் திணித்து அடைப்பார்கள், இல்லாவிட்டால் சோற்றில் மணல் விழும். இடுக்கைக் கண்டால் அடைக்கிற கை அந்த ஊர்க்காரர்களின் கை. கிரீஸ் துடைக்க வைத்திருந்த அம்மாவின் பழஞ்சேலைத் துண்டைத் திரித்து அவன் அந்தச் சந்தில் திணித்தான்.

நீல நூல் விழுந்தது. வெற்றிடம் எதுவும் யாரையும் உலுக்கவில்லை. புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குள் இரைச்சல் நின்றுட்டுலே என்றாள். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வண்டியிலிருந்து இறங்கி நடந்து வந்தாள், கணவாயின் காற்று முழுவதும் கொட்டகையின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவள் தலையில் ஒரு முடிகூட அசையவில்லை.

இது எதனால் என்று ஊரில் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள், ஆனால் யாரும் அதிக நேரம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, வேலை இருந்தது. அம்மா முத்துக்கனி மட்டும், கடைசி இடுக்கை அடைக்கும்போது காற்றிடம் சொன்னாயா என்று மகனைக் கேட்டாள். அந்த ஊர் வழக்கம் அது: கடைசிக் கிழிசலைத் திணிக்கும்போது வீட்டுப் பெண், வேறு பக்கமாய்ப் போய்விட்டு மாசம் கழிந்து வா என்று காற்றிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் திணிப்பாள். அது வீடு இல்லைம்மா, வண்டி, என்றான் சுயம்பு.

பேச்சித்தாய்தான் முதலில் சுளகைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் தெருவே வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இருட்டறைக்குள் பீடி சுற்றியவர்கள் புஷ்பத்தைப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவளைச் சுற்றி வட்டமாக அமர்ந்து, வெளிச்சத்தில் இலை வெட்டினார்கள். தூள் பறக்கவில்லை, நூல் சிக்கவில்லை, வாழ்நாளிலேயே முதல்முறையாக ஆனி மாதத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்தாமல் பேசினார்கள். பிறகு மாவு சலிக்கிறவர்கள் வந்தார்கள், கைக்குழந்தையைத் தூங்கவைக்கிறவர்கள் வந்தார்கள், சீட்டு பறந்துவிடும் என்று ஆட முடியாதிருந்த சீட்டாட்டக்காரர்கள் வந்தார்கள், கல்யாண வீட்டுப் படம் எடுக்கிறவர் மணப்பெண்ணின் தலைப்பூ கலையாமல் இருக்கப் புஷ்பத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார், படத்தில் விழாதபடி. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் புஷ்பமும் போனாள். சிரித்தாள். மாப்பிள்ளை எங்கே என்று பேச்சித்தாய் கேட்டதற்கு, சடவா இருக்காரு மைனி, பேச்சே இல்ல, என்றாள்.

காற்றில்லாத இடம் நாளாக நாளாக அகன்றது. கைவீச்சு தூரம் வீட்டளவு ஆனது, வீட்டளவு தெருவளவு ஆனது. ஆடியில் அம்மன் கொடைத் திருவிழா வந்தபோது, அதுவரை கதவடைத்த மண்டபத்துக்குள் ஏற்றி ஏற்றிப் புகை மூட்டிய விளக்குகளை முதல்முறையாகத் திறந்தவெளியில் ஏற்றினார்கள். கோயில் வாசலில் தொடங்கி நெடுஞ்சாலை வரைக்கும் மண்ணில் விளக்குகள், நட்டுவைத்ததைப் போல நிமிர்ந்து நிற்கும் சுடர்கள், நடுவில் ஒரு மர நாற்காலியில் தங்கபுஷ்பம். எல்லைக்கு அப்பால் காற்று அலறிக்கொண்டு போனது, இந்தப் பக்கம் ஒரு சுடர் கூடத் தலை திருப்பவில்லை. வயதானவர்கள் அழுதார்கள். பெண்கள் அம்மனுக்குப் போட்ட மாலையில் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார்கள். சுயம்பு கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான், அவள் நெற்றியில் துளிர்த்த வேர்வை புருவத்தில் இறங்கி, கன்னத்தில் இறங்கி, தாடையில் வந்து நின்று சொட்டியது, அது காயவே இல்லை. அவன் அருகில் போனதும், அவள் மடியில் கிடந்த மாலையைப் பார்த்துக்கொண்டே, எல்லாருக்கும் நல்லாத்தான இருக்கு, என்றாள்.

உலர்வது என்பதே அவளுக்கு இல்லாமல் போயிருந்தது. தலைக்குக் குளித்தால் கூந்தல் மறுநாளும் ஈரமாகவே இருந்தது. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் அவளுக்கு வாசனை வரவில்லை, வாசனையைத் தூக்கிக்கொண்டு வர ஒன்றும் இல்லை. மழை வரப்போகிறது என்று ஊரே மூக்கால் தெரிந்துகொண்டு துணி எடுக்க ஓடும்போது அவள் முதல் துளி கையில் விழுந்தபிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். மூச்சு விட்டாள், ஆனால் மூக்கின் கீழே பஞ்சைப் பிடித்தால் பஞ்சு ஆடவில்லை. கழுத்துவலி மட்டும் சுத்தமாகப் போயிருந்தது, அதைக் கேட்டவர்களிடமெல்லாம் அவள் தம்பியின் கைவேலை என்று பெருமையாகச் சொன்னாள், அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் சுயம்பு எழுந்து வேறு பக்கம் போனான்.

அவன் முதல் நாளே சேலைத் துண்டை உருவி எடுத்துவிட்டான். தடுப்பைக் கழற்றினான். கழற்றியதில் துளை போட்டான், துளை போட்டதைத் திருப்பி மாட்டினான், மாட்டியதை வெட்டினான், வெட்டியதை நொறுக்கினான். கல்லூரியில் பாடம் எடுத்தவரைப் போனில் அழைத்துக் கேட்டான், அவர் வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். அம்மா சேலைத் துண்டை எடுத்துக்கொண்டு கணவாய்க்குப் போய், என் மகன் தெரியாமல் செய்துவிட்டான் என்று காற்றிடம் சொல்லிப் பார்த்தாள், காற்று துண்டைப் பறித்துக்கொண்டு போனது, அவ்வளவுதான். சுயம்பு அக்காவை மலைச்சரிவில் காற்று ஆட்டுக்குட்டியை உருட்டிவிடும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டன. நூல்களை அவள் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தூரப்போய்க் காற்றில் பிடித்தான். மற்ற நூல்கள் எல்லாம் ஆடின. பிடரியிலிருந்து எடுத்த நீல நூல் மட்டும் எங்கே பிடித்தாலும், கணவாயின் வாயிலேயே பிடித்தாலும், தொங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள், சிறுவயதில் தன் கண்ணில் தூசி விழுந்து அழுதபோது அக்கா இமையைப் பிரித்து ஊதிய நினைவில், அவன் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, முகத்தை முகத்தருகே கொண்டுபோய், தன் நெஞ்சிலிருந்த மூச்சை எல்லாம் சேர்த்து அவள் கண்ணில் ஊதினான். அவள் இமைக்காமல் காத்திருந்தாள்.

“ஊதுலே,” என்றாள்.

அவன் ஊதி முடித்திருந்தான்.

பனிமலைக்குப் போகிற நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவள், ஒரு காலையில் அவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வண்டியை விரட்டினாள். வேகமுள் ஏறிக்கொண்டே போனது. வாழைத்தோப்புகள் போயின, குளம் போனது, ஒரு சர்ச் போனது, எதிரே வந்த லாரி ஒன்று பக்கத்தில் உரசுகிற மாதிரி போனது, அந்த லாரியின் காற்றுகூட வந்து மோதவில்லை. அவள் கூந்தல் முதுகில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சுயம்பு தன் முகத்தில் எதுவும் படாததைக் கண்டு பயந்துபோய்க் கையை நீட்டி நீட்டிப் பார்த்தான். ஒரு பாலத்தில் அவள் வண்டியை ஓரம்கட்டினாள், இன்ஜினை அணைக்கவில்லை.

“வண்டி ஓடுதுலே. நான் போகல.”

அவன் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். சீட்டின் தையலை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் ஊரைச் சுற்றி நின்ற காற்றாலைகளில் சில நின்றுபோக ஆரம்பித்தன. அவள் மேற்குத் தெருவில் நடந்தால் மேற்கே ஒன்று நிற்கும், குளத்துக்குப் போனால் குளத்துப் பக்கம் ஒன்று நிற்கும். காற்றாலைகளைப் பார்த்துக்கொள்ளும் அல்போன்ஸ், தன் மகளின் கல்யாணப் படத்துக்கு அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டவர், மிகவும் கூச்சத்தோடு வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கும்வரை வேறு ஏதேதோ பேசிவிட்டு, அக்கா கொஞ்சம் கிழக்காலயே நடமாடினா நல்லாருக்கும், மேல இருந்து கேக்காவ, என்றார். பீடி சுற்றுகிறவர்கள் அதைக் கேள்விப்பட்டு, கிழக்குத் தெரு எங்களுக்குத்தான் வசதி என்று சந்தோஷப்பட்டார்கள். கோயில்காரர்கள் செவ்வாய், வெள்ளி தங்களுக்கு வேண்டும் என்றார்கள். ஊர்க்கூட்டம் போட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை, விட்டுக்கொடுத்துதான் பேசினார்கள். காலையில் புளியமரத்தடி, மதியத்துக்கு மேல் கோயில், கல்யாணம் சடங்கு உள்ள வீடுகளுக்கு முன்கூட்டியே சொன்னால் முதல் உரிமை, பள்ளிக்கூடத்தைத் தாண்டி மேற்கே வருவதில்லை. எல்லாம் முடிவான பிறகு ஒருவர், புஷ்பம் என்ன சொல்லுதா என்றார். புஷ்பம் சரி என்றாள்.

சுயம்பு அந்தக் கூட்டத்தில் பேசுவதற்காக இரண்டு நாட்களாகத் தனக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். அவள் மரமில்லை, சுவரில்லை என்று சொல்ல வேண்டும். அவள் எதற்காக வண்டி ஓட்டினாள் தெரியுமா என்று கேட்க வேண்டும். அதைக் கெடுத்தது நான்தான், நிழலில் உட்காருகிற நீங்கள் எல்லாரும் நான் கெடுத்ததில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். எழுந்து நின்றான். எல்லா முகங்களும் திரும்பின, அன்பான முகங்கள், அவனைத் தூக்கி வளர்த்த முகங்கள், நம்ம ஊர் இன்ஜினியர் பேசப்போகிறான் என்று ஆவலோடு பார்த்த முகங்கள்.

“எங்க அக்காவுக்கு வேர்த்தா காய மாட்டேங்கு,” என்றான்.

பிறகு பேச்சித்தாய் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறி, புஷ்பத்தின் முகத்தை நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் அழுத்தமாகத் துடைத்துவிட்டாள். இனிமே நான் பாத்துக்கிடுதேன் மக்கா, நீ கவலப்படாத, என்றாள். கூட்டம் கலைந்தது. அவள் சொன்னபடியே மறுநாளிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் முறைவைத்துக்கொண்டு புஷ்பத்தின் வேர்வையைத் துடைத்தார்கள்.

ஆவணி பிறந்த முதல் வாரத்தில் சுயம்பு கொட்டகைக்குப் போனபோது வண்டி வெளியே நின்றது. இரண்டு பக்கப் பெட்டிகளிலும் கருப்பட்டி அடுக்கியிருந்தது. தடுப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எங்கே என்று அவன் கேட்டதற்கு வடக்கே என்றாள். அங்கே பனிமலைக் கணவாய்களில் மனிதரைத் தூக்கி எறிகிற காற்று இருப்பதாகச் சொல்கிறார்களாம், இந்தக் காற்றுக்குத் தன் மேல் கோபம் என்றால் அந்தக் காற்றுக்கும் கோபம் இருக்குமா என்ன என்றாள். இங்கேயே இருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் நாற்காலி தனக்குப் பழகிவிடும் என்றும் சொன்னாள், சிரித்துக்கொண்டுதான். அவன் கூட வருவதாகச் சொன்னான். அம்மாவை யார் பார்ப்பது என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டைத் தட்டிக்காட்டி, இவ்வளவு சொகுசா யாரும் யாருக்கும் செஞ்சு குடுத்திருக்க மாட்டாவலே, என்றாள்.

அம்மா பொட்டலமாகக் கட்டுச்சோறு கொண்டுவந்து கொடுத்தாள். செய்தி பரவி, சுளகுகளோடு பெண்கள் ஓடிவந்தார்கள், பேச்சித்தாய் வண்டியின் முன்னால் நின்று வழியை மறித்துக்கொண்டு, எங்கள விட்டுட்டு போவியாட்டீ என்று அழுதாள். அவள் அழுதது முழுக்கவும் பீடிக்காக இல்லை. பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்து, கடைசியில் அவளே நகர்ந்துகொண்டாள், நகரும்போது தன் துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். யாரு தொடைப்பா, அதுக்குத்தான், என்றாள்.

வண்டி வடக்கே திரும்பியதும், கொட்டகையின் தகரம் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. எல்லார் கையிலிருந்த சுளகுகளிலும் புகையிலை கிளம்பிப் பறந்தது. ஒருவரும் குனிந்து பொறுக்கவில்லை. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சுழன்றுகொண்டிருந்தன. முதல் காற்றாலை சுழற்சி குறைந்து, தயங்கி, நின்றது. சற்றுக் கழித்து மறுபடி சுழல ஆரம்பித்தபோது அடுத்தது நின்றது. அது சுழன்றபோது அதற்கடுத்தது நின்றது. வண்டி கண்ணிலிருந்து மறைந்த பிறகும், சத்தம் கேட்காமல் போன பிறகும், எங்கோ தொலைவில் ஒன்று நிற்பதும் சுழல்வதுமாக அவள் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ஊர் முழுவதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டு பார்த்தது. கடைசிக் காற்றாலையும் நின்று, சுழன்றது. அதற்கப்பால் காற்றாலைகள் இல்லை.

ஆரம்பத்தில் அவள் போனில் கூப்பிட்டாள். நாக்பூர் என்றாள், பிறகு இன்னும் மேலே ஏதோ ஒரு ஊர் என்றாள், வெயில் என்றாள், கருப்பட்டி விற்றுப்போனது என்றாள். காற்று எப்படி என்று கேட்க சுயம்புவுக்கு வாய் வரவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒருமுறை அந்தப் பக்கம் பெரிய சூறைக்காற்று என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள், மரங்கள் சாய்ந்ததைக் காட்டினார்கள், நடுவில் ஒரு சாலையோரச் சாயாக்கடை மட்டும் ஒரு கீற்றுக்கூட கலையாமல் நின்றதைக் காட்டினார்கள், கடைக்காரர் தெய்வச் செயல் என்றார். அம்மா திரையில் கையை வைத்துப் பார்த்தாள். அதன்பிறகு அழைப்பு வரவில்லை. போலீஸுக்குச் சொன்னார்கள், அந்தப் பக்கம் போகிற மோட்டார் சைக்கிள்காரர்களிடம் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர், மலைமேல் ஒரு ஊரில் ஒரு மதராசி அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் கம்பளி நூற்பதாகக் கேள்விப்பட்டோம் என்றார்கள். பார்த்தீர்களா என்று கேட்டால் பார்க்கவில்லை என்றார்கள்.

சுயம்பு கொட்டகையை மூடவில்லை. சீட்டு செய்கிறான், ஹேண்டில்பார் உயர்த்துகிறான். காற்றுத் தடுப்பு கேட்டால், நன்றாகச் செய்யத் தெரியாது என்கிறான், உண்மையைத்தான் சொல்கிறான்.

மறுபடியும் ஆனி வந்தது. மேலக்கணவாயில் வீட்டுக்கு வீடு கிழிசலைத் திரித்தார்கள், இடுக்குகளை அடைத்தார்கள், காற்றிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். முத்துக்கனியின் வீட்டிலும் அடைத்தார்கள், மேற்கு ஜன்னலின் ஒரு சந்தைத் தவிர. எங்கேயாவது அக்கா மேல் காற்றுப் பட்டால் இதுவும் ஆடும் என்று, அந்தச் சந்தில் சுயம்பு ஒரு ஆணி அடித்து நீல நூலைக் கட்டியிருந்தான். காற்று அதன் வழியாக விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் புகுந்து, நாள்காட்டித் தாள்களைக் கிழித்து, விளக்கை அணைத்து, பானையின் மூடியைத் தள்ளி, எல்லாவற்றின் மேலும் மணலைத் தூவிவிட்டுப் போனது. நூல் மட்டும் ஆடவில்லை. ஆணியிலிருந்து நேர்க்கோடாகத் தொங்கியது.

அக்கம்பக்கத்தில் யாரும் அந்தச் சந்தைப் பற்றிக் கேட்பதில்லை. பேச்சித்தாய் மட்டும் தினமும் வேலைக்குப் போகிற வழியில் வெளியே நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போவாள்.

மத்தியானம் அம்மா தட்டு வைத்தாள். இருவரும் ஜன்னலுக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். அம்மா சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள், காற்று ஒரு பிடி மணலை அவள் கையிலேயே தூவியது, அதையும் சேர்த்துப் பிசைந்தாள்.

“ஆடிச்சாலே?”

“இல்லம்மா.”

அவள் ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டாள். மணல் நறநறவென்று கடிபடும் சத்தம் அவனுக்குக் கேட்டது. அவனும் சாப்பிட ஆரம்பித்தான்.